விசா கடந்து தங்கிய பிள்ளைக்கு மீண்டும் வழி உண்டா?



அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து நான் திரும்பியபோது, கொட்டகலை கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தாய் ஒருவர் மூத்த மகளுடன் வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு பை. அதற்குள் மகனின் பாஸ்போர்ட்.

"மௌலவி, மகன் திரும்பவும் லண்டனுக்குப் படிக்கப் போகணும்னு நிக்கிறான். முந்தி விசா முடிஞ்சு அங்க தங்கினதை ஃபோர்மில எழுத வேணாம்னு ஏஜென்சிக்காரர் சொல்றார். இந்தப் பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு பொலிஸில முறைப்பாடு போட்டுட்டு, புதுசு எடுக்கணுமாம். அப்படிச் செய்யலாமா?"

விசாரித்தேன். மகன் சில வருடங்களுக்கு முன் மாணவர் விசாவில் இங்கிலாந்து போனவர். இடையில் வாப்பா நோயில் விழுந்தார், கடை படுத்தது, கட்டணம் அனுப்ப முடியவில்லை, படிப்பு நின்றது. ஊருக்கு எந்த முகத்தோடு வருவது என்ற வெட்கத்தில், விசா முடிந்த பிறகும் ஐந்து மாதம் அங்கேயே தங்கிவிட்டார். பிறகு கடன் வாங்கித் தானே டிக்கட் எடுத்து ஊர் வந்தார். வந்து இரண்டரை வருடமாகிறது. இப்போது படிப்பை முடிக்க விரும்புகிறார். அதற்காக அந்தத் தாயின் நகைகள் அடகுக் கடையில் இருக்கின்றன.

மலையகம் அறிந்த துயரம்

"விசா முடிந்து தங்கியவர்" என்றதும் குற்றவாளியைப் பார்ப்பது போல் பார்க்கிறோம். ஆனால் இந்த மலைநாட்டுக்கு அந்தச் சொல் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு 1974 வரை தள்ளிப் போனது. இந்தியப் பாஸ்போர்ட் பெற்றும் கப்பலேற முடியாமல் நின்றவர்கள் ஆயிரமாயிரம். 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் சேவை நின்றதும், பிறந்த மண்ணிலேயே விசா காலம் கடந்து தங்கியவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு வந்தது! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் அவர்களும் பிரகடனம் ஒன்றைக் கொடுத்து இலங்கைப் பிரஜையாக வழி திறந்தது. தம்மிடம் இருந்த பாஸ்போர்ட்டை மறைத்து அல்ல, தம் நிலையைச் சொல்லிக் கையெழுத்திட்டே அவர்கள் உரிமை பெற்றார்கள்.

ஆகவே காலம் கடந்து தங்கியதற்கும் ஒரு காரணம் இருக்கலாம், அதற்கு ஒரு முடிவும் உண்டு. ஆனால் பொய்க்கு?

கணக்கைப் பாருங்கள்

இங்கிலாந்தின் விதி இது: விசா முடிந்து 30 நாட்களுக்குள் தன் செலவில் வெளியேறியவருக்கு அதற்காக மீள்நுழைவுத் தடை இல்லை. அதற்கு மேல் தங்கி, தானாகவே தன் செலவில் வெளியேறியவருக்கு, வெளியேறிய நாளிலிருந்து 12 மாதத் தடை. அரசாங்கச் செலவில் அனுப்பப்பட்டவருக்குத் தடைக் காலம் கூடும். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாகக் கண்டால் 10 வருடம்!

இந்த மகனின் 12 மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. பூட்டு இல்லாத கதவின் முன் நிற்கும் பிள்ளையின் கையில் 10 வருடப் பூட்டைக் கொடுக்கிறார் அந்த ஏஜென்சிக்காரர்.

மற்ற நாடுகளிலும் இவ்வாறே கணக்குகள் உண்டு. அமெரிக்காவில் 180 நாட்களுக்கு மேல், ஒரு வருடத்துக்குக் குறைவாகச் சட்டவிரோதமாகத் தங்கி வெளியேறியவருக்கு 3 வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம். அவுஸ்திரேலியாவில் விசா முடிந்து 28 நாட்களுக்கு மேல் தங்கிப் போனவர் பொதுவாக 3 வருடம் தற்காலிக விசா பெற முடியாது. விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டு அரசாங்கத்தின் சொந்த அறிவிப்பைப் பார்த்தே முடிவெடுங்கள்.

"புதுப் பாஸ்போர்ட்டில் பழையது தெரியாதே" என்பார்கள். பாஸ்போர்ட் மாறலாம், விரல் மாறுமா? முதல் விசாவின்போது எடுத்த கைரேகை அங்கே பதிவில் இருக்கிறது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் இத்தகைய விவரங்களைத் தமக்குள் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்துள்ளன. தொலையாததைத் தொலைந்தது என்று பொலிஸில் சொல்வது தனிக் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

முதலில் திகதிகளை எழுதிக் கொள்ளுங்கள்: விசா முடிந்த நாள், நாட்டை விட்டு வெளியேறிய நாள். இங்கிலாந்தில் வெளியேறும்போது முத்திரை குத்துவதில்லை. எனவே கட்டுநாயக்காவில் இட்ட வருகை முத்திரையும் விமான டிக்கட்டுமே சாட்சி. பழைய பாஸ்போர்ட்டைக் கண்போல் காப்பாற்றுங்கள்.

இரண்டாவது, படிவத்தில் முன்பு காலம் கடந்து தங்கியதுண்டா என்ற கேள்விக்கு "ஆம்" என்றே எழுதச் சொல்லுங்கள். அதோடு ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம்: என்ன நடந்தது, எத்தனை நாள், எப்படி வெளியேறினேன், இப்போது எது மாறியிருக்கிறது. வாப்பாவின் வைத்தியசாலைப் பத்திரம் போன்ற சான்றுகளை இணைக்கலாம். கெஞ்சல் வேண்டாம், உண்மை போதும்.

மூன்றாவது, பணம். மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் "காட்டுவதற்கு" இரவல் தரும் பணத்தை நம்பாதீர்கள். அவர் நிரப்பினாலும் படிவம் பிள்ளையின் பெயரில்தான் போகிறது. எனவே அனுப்புமுன் ஒவ்வொரு வரியையும் பிள்ளை வாசிக்கட்டும்.

உண்மை சொன்னால் விசா நிச்சயமா என்று கேட்பீர்கள். இல்லை. பழைய தவறைக் காரணம் காட்டி அதிகாரி மறுக்கவும் கூடும். ஆனால் உண்மை சொல்லி மறுக்கப்பட்டவர் மீண்டும் கேட்கலாம். பொய் சொல்லிப் பிடிபட்டவர் அடுத்த முறை உண்மை சொன்னாலும் யார் நம்புவார்?

விசா என்பது ஓர் ஒப்பந்தம். நிபந்தனையை ஏற்று ஒரு நாட்டுக்குள் போகிறோம். அதை மீறியது தவறுதான். தவறை ஒப்புக்கொண்டு திருந்துவதைத் தானே நம் மார்க்கமும் தவ்பா என்கிறது? ஒரு தவறை மறைக்க இன்னொன்றைச் செய்வதற்குத் தாய் துணை போகலாமா?

அந்தத் தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏஜென்சிக்குக் குடுத்த முற்பணம் போயிடுமே, மௌலவி" என்றார். "போகட்டும் உம்மா, மகனின் பத்து வருடம் மிஞ்சுமே" என்று மூத்த மகள்தான் பதில் சொன்னார்.

அன்றிரவே மகன் வந்தார். இருவருமாக உட்கார்ந்து கடிதத்தை எழுதினோம். "வெட்கத்தினால் தங்கினேன்" என்ற வரியை எழுதும்போது அவர் கண் கலங்கியது. அந்த வரியை வெட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

விண்ணப்பம் கொழும்புக்குப் போயிருக்கிறது. விடை இன்னும் வரவில்லை. பழைய பாஸ்போர்ட் அந்தத் தாயின் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் துஆவில் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.