பூச்சியை இழுக்கும் வாசனை

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் பருத்தி காய் பிடித்த பின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உள்ளே புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. பஞ்சும் விதையும் பாழ். ஆகவே தாய் அந்துப்பூச்சியின் நடமாட்டத்தை முன்பே அறிய வேண்டும்.

பெண் பூச்சி இரவில் ஒரு வாசனை விடும். நம் மூக்குக்குத் தெரியாது. ஆண் பூச்சியோ உணர்கொம்பால் அறிந்து தேடி வரும். ஜெர்மன் விஞ்ஞானி பூட்டெனான்ட் சுமார் 20 ஆண்டுகள் பாடுபட்டு, ஏறக்குறைய 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் மட்டுமே பிரித்து, 1959-ல் இப்படியொரு வாசனையின் இரசாயனத்தைக் கண்டறிந்தார். என்ன பொறுமை!

அந்த வழியில் வந்ததே இனக்கவர்ச்சிப் பொறி. ஏக்கருக்கு 5 வைத்து, பயிருக்கு ஓரடி உயரத்தில் கட்டவும். தொடர்ந்து 3 நாட்கள் பொறிக்கு 8 பூச்சி வீதம் விழுந்தால் மருந்தடிக்க வேண்டியதுதான். பச்சைக் காய்ப்புழுவுக்கு வேறு வாசனைக் குப்பி. மாற்றி வைத்தால் பொறி காலியாகவே கிடக்கும்.