மண்சரிவும் மலைவழிப் பயணமும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட சமநிலத்தில் அமைந்தவை. மலை இவற்றுக்குத் தொலைவிலேயே உள்ளது. எனினும் இவ்வூர்களின் வணிகமும் உயர்கல்வியும் மலைவழிகளோடு தொடர்புடையவை. கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 பெருந்தெரு இரத்தினபுரி, பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் ஆகிய இடங்களைக் கடந்தே கல்முனையை அடைகின்றது. பேராதனைக்குச் செல்லும் மாணவர் மகியங்கனை ஊடாகப் 'பதினெட்டு வளைவு' எனப் பெயர்பெற்ற தெருவில் ஏறுகின்றனர். ஆகவே, மண்சரிவு பற்றிய அறிவு இக்கரையோர மக்களுக்கும் வேண்டுவதாகும்.

மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது துணிக்கைகளுக்கிடையிலான உராய்வும் பிணைப்புமாகும். மழைநீர் மண்ணின் நுண்துளைகளை நிரப்பும்போது அந்நீரின் அமுக்கம் துணிக்கைகளை விலக்கி உராய்வைக் குறைக்கின்றது; மண்ணின் பாரமும் கூடுகின்றது. இவ்வியற்கை நிகழ்வுக்கு மனிதச் செயலும் துணைநிற்கின்றது. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டமை, தெருவுக்காகச் சரிவின் அடிப்பகுதி வெட்டப்படுகின்றமை, வடிகால்கள் பராமரிப்பின்றி அடைபடுகின்றமை ஆகியன அவற்றுட் சில.

பனிமலை நாடுகளில் வசந்த காலத்தில் நிகழும் பனிச்சரிவு இதனோடு ஒப்பிடத்தக்கது. பகல் வெயிலில் உருகிய நீர் பனிப்படைகளுள் இறங்கி அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகின்றது. இரவுக் குளிரில் அது மீண்டும் இறுகுகின்றது. இதனாலேயே அங்கு மலையேறுவோர் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஆபத்தான சரிவுகளைக் கடந்துவிடுகின்றனர். நமது மலைகளுக்கு அத்தகைய இரவு இல்லை. நனைந்த மண் ஓரிரவில் உறுதிபெறுவதன்று. மழை விட்ட பின்னரும் நிலக்கீழ் நீர்மட்டம் உயர்ந்தேயிருக்கலாம். "மழை விட்டுவிட்டது, புறப்படலாம்" என்னும் எண்ணம் ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுவே.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகளுக்கு மழையளவு அடிப்படையாக அமைகின்றது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150ஐத் தாண்டினால் உடனடி வெளியேற்றம். பயணிக்கும் இவ்வெண்கள் பயன்படும். ஒக்டோபர் முதல் சனவரி வரையான மழைக்காலத்தில் எச்சரிக்கை விடுக்கப்பட்ட மாவட்டங்களினூடான இரவுப் பயணத்தைத் தவிர்த்தல் நன்று. தெருவிற் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி ஓடும் நீர், ஓடையின் நீர் சட்டென வற்றுதல் என்பன சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவிடத்து வெட்டுச்சரிவின் கீழ் வாகனத்தை நிறுத்தாது, சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டாக விலகிச் செல்லவேண்டும்.

பயணி தன் பயணத்தை ஒத்திவைக்கலாம். அச்சரிவிலேயே வாழ்பவர் என்செய்வார்? 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் குடியிருப்புகள் மண்ணில் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என்பது பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயின், தாம் வாழும் அறைக்கோ நிலத்துக்கோ உரிமையற்ற தொழிலாளர், வேலையும் வீடும் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்ட நிலையில், எங்கே செல்வது? 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையக மாவட்டங்களில் மண்சரிவுகள் பேரழிவை விளைத்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது கல்முனைக் கரைக்கு எவ்வித எச்சரிக்கையும் கிட்டவில்லை. நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தும், அதனைச் சொல்லும் அமைப்பு அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. மீரியபெத்தையில் எச்சரிக்கை இருந்தது; போக்கிடம் இல்லை. கரையின் குறையை அறிவியல் பெருமளவு தீர்த்துள்ளது. மலையின் குறையைத் தீர்க்க மழைமானி மட்டும் போதாது. பாதுகாப்பான நிலத்தில் உரிமையுள்ள வீடும் வேண்டும். கொஸ்லந்தையைக் கடந்து செல்லும் கரையோரப் பயணிகளாகிய நாமும் அக்கோரிக்கையிற் பங்குகொள்ளக் கடமைப்பட்டவர்கள்.