எழுதுவது பிள்ளையா, இணையமா?

உயர்க்கல்வியைப் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடல் முடிந்து அரங்கத்து விளக்குகளை அணைத்துக் கொண்டிருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு தாயார் என்னருகே வந்தார். போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர். "ஏம்மா, என் மகன் ராத்திரி பூரா கணினி முன்னால உட்கார்ந்து கட்டுரை எழுதுறேன்னு சொல்றான். எழுதுறது அவனா, அந்தக் கணினியா? எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

நிகழ்ச்சியில் இரண்டு மணி நேரம் நாங்கள் பேசியதைவிட இந்தக் கேள்வி பெரிது என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இந்த வாரப் பக்கத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைதான். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளியில் எல்லாம் தேசிய மொழி. பொதுத் தகவல் துறையில் டிப்ளோமா படிக்கப் போனால் அங்கே எல்லாம் ஆங்கிலம்! முதல் இடுபணிக்கு, பட்டணத்து இணைய மையத்தில் காசு கொடுத்து உட்கார்ந்து, மூன்று அகப்பக்கங்களில் இருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டி, அழகாக அச்சிட்டுக் கொடுத்தேன். விரிவுரையாளர் மதிப்பெண் போடவில்லை. "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு அழுதேன். நான் திருடியதாகவே எனக்குத் தோன்றவில்லை. தேடி எடுத்துக் கொடுப்பதுதான் ஆய்வு என்று நினைத்திருந்தேன். எஸ்.பி.எம். தேர்வுக்கு மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து 'ஏ' வாங்கியவர்கள் நாம். கல்லூரியில் அந்த வித்தை செல்லாது என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. இன்று பல உயர்க்கல்விக்கூடங்களில் டர்னிட்டின் போன்ற மென்பொருள்கள் இரவல் வரிகளைக் காட்டிக்கொடுத்து விடுகின்றன. பிடிபடும் பிள்ளைகளில் பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், சொல்லித்தரப்படாதவர்கள்.

அப்படியானால் யார் சொல்லித் தருவது? தோட்டத்தில் அண்ணனோ அக்காளோ பட்டதாரியாக இருந்தால் கேட்கலாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாரிடம் கேட்கும்? இங்கேதான் இணையம் கைகொடுக்கிறது. ஒட்டி எடுப்பதற்கு அல்ல, எழுதக் கற்றுக்கொள்வதற்கு!

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பர்டியூ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1976இல் மாணவர்களுக்கென எழுத்துக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1994இல் அதன் பாடங்களை இணையத்திலும் வைத்தார்கள். 'பர்டியூ ஆவுல்' என்று தேடினால் வந்து நிற்கும், கட்டணம் இல்லை. மேற்கோள் எப்படிக் காட்டுவது, நூற்பட்டியல் எப்படிப் போடுவது, பத்தி எப்படி அமைப்பது என எல்லாம் உண்டு. அதில் நான் முக்கியமாகக் கருதுவது, பிறர் கருத்தைச் சொந்தச் சொல்லில் எழுதும் பாடம். மூலத்தை முழுதாகப் புரியும்வரை படி. பிறகு அதை ஒதுக்கி வை. உன் சொல்லில் எழுது. எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார். எங்கிருந்து எடுத்தாய் என்பதைக் குறி. பார்வைக்கு எளிது. ஆனால் அந்த 'ஒதுக்கி வை' என்பதைத்தான் நம் பிள்ளைகள் செய்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தோட்டத்தில் 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. இந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டால் அது இரவல். நாலு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டாலும் இரவல்தான். மூடி வைத்துவிட்டு யோசித்தால் ஒரு கேள்வி எழும். சட்டம் பள்ளி வைக்கச் சொன்னது, சரி. பாடம் நடத்தியவர் யார்? அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் கிராணியும் கங்காணியும்தான் வாத்தியார். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பாட்டியிடம் போய், "நம்ம தோட்டத்துல உங்களுக்கு யார் பாட்டி பாடம் சொல்லிக் கொடுத்தா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு குறித்து, நேர்காணல் என்று கட்டுரையில் காட்டுங்கள். அந்தப் பத்தி எந்த அகப்பக்கத்திலும் கிடைக்காது. என் விரிவுரையாளர் கேட்ட கேள்விக்கு விடை அதுதான் என்று எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆங்கில வாக்கியம் வராமல் தவிப்பவர்களுக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'அகாடமிக் பிரேஸ்பேங்க்' நல்ல துணை. ஒரு கருத்தை மறுக்க, ஒப்பிட, காரணம் காட்ட என்று தேவைவாரியாக வாக்கியத் தொடக்கங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூயெட் தேர்வு எழுதுவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2021 முதல் அத்தேர்வில் எழுத்துத் தாளுக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். 75 நிமிடத்தில் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும்.

தேசிய மொழிக்கு டேவான் பகாசாவின் பி.ஆர்.பி.எம். அகப்பக்கம் போதும். காமுஸ் டேவான், கலைச்சொற்கள், பழமொழிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மொழிச் சந்தேகத்தை எழுதிக் கேட்கவும் வழியுண்டு. தமிழ் படிப்பவர்கள் சிக்காகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களையும் பார்க்கலாம். தோட்டத்தில் இணைய வசதி சரியாக இல்லை என்றால், பட்டணத்துக்குப் போகும்போது வேண்டிய பக்கங்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு வாருங்கள்.

இப்போது சாட்ஜிபிடி விஷயம். 2022 நவம்பரில் அது வெளிவந்த பிறகு, ஒட்டுகிற வேலைகூட மிச்சமாகிவிட்டது! பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லாத நூலை இருப்பதாகச் சொல்லி, ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்தே கொடுக்கும். அதை நம்பி நூற்பட்டியல் போட்டால் பெயர் கெடுவது உங்களுக்குத்தான். நீங்களே எழுதி முடித்த பிறகு, "என் வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது?" என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். கல்லூரி விதி என்ன சொல்கிறது என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயாருக்கு அன்றிரவு நான் இவ்வளவும் சொல்லவில்லை. "அம்மா, சாப்பிடும்போது அந்தக் கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறான் என்று உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொந்தமாக எழுதியிருந்தால் சொல்லிவிடுவான். தடுமாறினால் திட்டாதீர்கள், மறுபடியும் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்," என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"அவன் கல்லூரிக்குப் போயி ரெண்டு வருஷமாச்சும்மா. என்ன படிக்கிறேன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லையே. எனக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டேன்," என்றார்.