ஆலிஸின் ஆசிரியர் கட்டிய சொல் ஏணி

முயல் வளைக்குள் விழுந்த ஆலிஸின் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள், கேட்டாவது இருப்பீர்கள். 1865-இல் வெளிவந்த அந்த ஆங்கிலப் புதினத்தை எழுதியவர் லூயிஸ் கரோல். சார்லஸ் டாட்ஜ்சன் என்பது அவருடைய உண்மைப் பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளராக இருந்தவர். (விரிவுரையாளர்கள் எல்லாரும் தூக்கம் வரவழைப்பவர்கள் அல்லர் என்பதற்கு நான் காட்டும் சான்று இவர்தான்!)

அண்டங்காக்கை ஏன் எழுதுமேசையைப் போல இருக்கிறது என்று அந்தக் கதையில் தொப்பிக்காரர் கேட்பார். அதை எழுதியபோது விடை எதையும் நினைத்து வைக்கவில்லை என்று பின்னர் 1896-இல் எழுதிய முன்னுரையில் கரோலே சொல்லிவிட்டார். ஆனால் விடையுள்ள புதிர்களையும் அவர் தந்தார். 1877 கிறிஸ்துமஸ் நாளில், பொழுது போகாத இரண்டு சிறுமிகளுக்காக அவர் உருவாக்கிய விளையாட்டு ஒன்று 1879-இல் 'வேனிட்டி ஃபேர்' இதழில் போட்டியாகவே நடந்தது.

விதி எளியது. ஒரு சொல்லில் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, வேறொரு சொல்லை அடைய வேண்டும். இடையில் வருவன எல்லாம் பொருளுள்ள சொற்களாக இருக்க வேண்டும். தமிழில் மரத்தைப் படகாக்குவோமா? மரம், மடம், படம், படகு. மூன்றே மாற்றங்கள்!

டார்வினின் மனிதத் தோற்றம் பற்றிய நூல் 1871-இல் வெளிவந்து பரபரப்பூட்டிய காலம் அது. கரோலும் சும்மா இருக்கவில்லை. குரங்கைக் குறிக்கும் 'ஏப்' என்ற ஆங்கிலச் சொல்லை 'மேன்' ஆக்குக என்று ஒரு புதிர் போட்டார். அவருடைய விடையில் ஆறு மாற்றங்கள். ஐந்திலேயே முடியும், முயன்று பாருங்கள்.

வேடிக்கையாகச் சொன்ன இந்த விளையாட்டு, பின்னாளில் பரிணாமம் பற்றிய உண்மையான வாதத்திலேயே இடம்பெற்றது. நம் உடலின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலைகள். 100 மணிகள் கொண்ட மாலையை எத்தனை விதமாகக் கோக்கலாம்? 20-ஐ 100 முறை பெருக்க வேண்டும். விடை 131 இலக்கங்கள் கொண்ட எண்! இத்தகைய கடலில் பயனுள்ள புரதத்தை இயற்கை தற்செயலாக எப்படிக் கண்டெடுத்திருக்கும் என்று 1969-இல் அமெரிக்கத் தாவரவியலார் ஃபிராங்க் சாலிஸ்பரி கேட்டார்.

அடுத்த ஆண்டே ஆங்கிலேய உயிரியலார் ஜான் மேனார்ட் ஸ்மித் 'நேச்சர்' இதழில் விடையளித்தார். சொல்லைக் குறிக்கும் 'வேர்டு' என்பதை நான்கே மாற்றங்களில் மரபணுவைக் குறிக்கும் 'ஜீன்' ஆக்கிக் காட்டினார்: வேர்டு, வோர், கோர், கான், ஜீன். ஆங்கில எழுத்துகளில் எழுதிப் பார்த்தால் விளங்கும். இயற்கை கடல் முழுவதையும் துழாவ வேண்டியதில்லை. வேலை செய்யும் ஒரு புரதத்திலிருந்து, ஒரு மணி மட்டும் மாறிய அடுத்த புரதத்துக்குப் படி வைத்தால் போதும். நம் மாலைக்கு அப்படிப்பட்ட அண்டை மாலைகள் 1,900 உண்டு. அவற்றில் சராசரியாக ஒன்றுக்கு மேல் வேலை செய்தாலே பாதை தொடரும். படி முறிந்தால்? அந்த வழி அடைபட்டது.

இதைச் சோதனைக் கூடத்திலும் பார்த்தார்கள். பாக்டீரியாவின் ஒரு நொதியில் ஐந்து மாற்றங்கள் சேர்ந்தால், செஃபோடாக்சிம் என்ற மருந்தை எதிர்க்கும் திறன் சுமார் 1,00,000 மடங்கு ஏறுகிறது. ஐந்து மாற்றங்களை 120 வரிசைகளில் செய்யலாம் அல்லவா? டேனியல் வைன்ரைக் குழுவினர் 2006-இல் கண்டது: அவற்றுள் 102 வரிசைகளில் ஏதோ ஒரு படி திறனைக் கூட்டவில்லை, சிலவற்றில் குறைத்தது. பாக்டீரியாவுக்குத் திறந்திருந்தவை 18 வழிகளே. கிருமி அடுத்து எந்தப் படியில் கால் வைக்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தால், மருந்து தயாரிப்போருக்கு எவ்வளவு உதவியாயிருக்கும்!

இனி உங்கள் முறை. எலியை யானையாக்குங்கள். மூன்று மாற்றங்கள் போதும். வழியில் ஒரு புலி வரும், அஞ்ச வேண்டாம்.