தும்பிக்கை எழுத்துக்கு மீண்டும் மவுசு!

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கடைக்காரர்களே! புது போர்டு வைக்கப் போகிறீர்களா? பழையதைக் கழற்றுமுன் ‘லை’, ‘னை’ எழுத்துகளை உற்றுப் பாருங்கள். யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு தெரிகிறதா? அதுதான் பழைய பாணி!

1978-ல் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 13 எழுத்துகள் உருமாறின. தும்பிக்கை போச்சு; அச்சுக் கோர்ப்பவருக்கு வேலை மிச்சம்.

இப்போது அதே தும்பிக்கை அலங்காரமாகிவிட்டது. கணினியில் ‘லை’யின் குறியீடு மாறுவதில்லை, பழைய உருவமா, புதுசா என்பது எழுத்துருவின் கையில். கடைப் பெயர், கல்யாணப் பத்திரிகைத் தலைப்புக்கு ஜோர்! விலைப் பட்டியலில் போட்டால் பிள்ளைகள் திணறுவார்கள்.

பாகூருக்கு எழுத்து புதிதல்ல. 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு 3 கிராமங்கள் தானமாகக் கிடைத்ததை பாகூர் செப்பேடு சொல்கிறது. செப்பேடு தப்பியது. பெயிண்டர் கையால் எழுதிய போர்டு தப்புமா? ஒரே பூச்சில் காலி!

தாத்தா காலத்துப் பத்திரத்திலும் இதே எழுத்துதான். படிக்கத் தெரிந்த பெரியவர்களிடம் இப்பவே கேட்டு வையுங்க. போர்டை அழிக்குமுன் ஒரு போட்டோவாவது எடுங்க!