காரணம் அறிந்த கைகள்

நுழையும்முன்

பேருந்தை ஓட்டிச் செல்பவரைப் பயணிகள் அனைவரும் பார்க்கின்றனர். முந்தைய நாள் இரவில் பணிமனையில் அப்பேருந்தைச் செப்பனிட்டவரை எவரும் பார்ப்பதில்லை. ஆயினும், அவருடைய கைத்திறனை நம்பியே அத்தனை பேரும் பயணம் செய்கின்றனர். அத்திறன் எவ்வாறு உருவாகிறது, அதனை வளர்க்கும் தொழிற்பழகுநர் பயிற்சி எவ்வாறு செம்மைபெற வேண்டும் என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

உப்பு வணிகர்களாகிய உமணர்கள் மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழிகளில் வண்டி செலுத்தியவர்கள். வழியில் அச்சு முறிந்தால் உதவும் என்று, வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டு சென்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்பது பெயர். ஔவையார் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் பொகுட்டெழினிக்கு இவ்வச்சினை உவமையாக்குகிறார். இடர் வருமுன்பே அதனை எண்ணி ஆயத்தமாகும் அறிவு அன்றைய வண்டிக்குத் தேவைப்பட்டது. இன்றைய மோட்டார் ஊர்திக்கும் அதுவே தேவைப்படுகிறது.

பட்டறையே பள்ளியான காலம்

தமிழகத்தில் மோட்டார்த் தொழில் வேரூன்றிய காலத்தில் அதனைக் கற்பிக்கும் பள்ளிகள் மிகச் சிலவே. ஆர்வம் உடையோர் பொறிகளைப் பிரித்தும் பூட்டியும் தாமே கற்றனர். கோவையைச் சேர்ந்த ஜி.டி. நாயுடு அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர். இளமையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதன் உறுப்புகளைக் கழற்றி ஆராய்ந்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அப்பேருந்தைத் தாமே ஓட்டவும் செய்தார். கற்பவர் பொறியைக் கையால் தொட்டுப் பழக வேண்டும் என்னும் கருத்தில் உறுதியாக இருந்த அவர், பிற்காலத்தில் தொழிற்கல்வியின் வளர்ச்சிக்கும் துணைநின்றார்.

எல்லாரும் அவரைப்போல ஆராய்ந்து கற்கவில்லை. பட்டறைகளில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த சிறுவர்கள், மூத்த மெக்கானிக் கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தும் பல ஆண்டுகள் கழித்தனர். பார்த்துப் பார்த்தே தொழில் படிந்தது. எஞ்சினின் ஓசையைக் கேட்டே பழுதைக் கண்டறியும் வல்லவர்கள் அவர்களுள் தோன்றினர். எனினும், ‘இப்படிச் செய்’ என்று கற்பித்த அம்முறை, ‘ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?’ என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் இடம் தரவில்லை.

சட்டம் தந்த பாதுகாப்பு

விடுதலைக்குப் பின் தொழிற்பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு தேவை என்பது உணரப்பட்டது. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்திட்டத்தின்கீழ் வளர்ந்தன. நிலையத்தில் கற்றதைத் தொழிற்சாலையில் பழகிக்கொள்ள வழிசெய்தது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்.

இச்சட்டத்தின்படி பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தம் இருத்தல் வேண்டும். செய்முறைப் பயிற்சியோடு அத்தொழில் சார்ந்த பாடமும் கற்பிக்கப்பட வேண்டும். மாத உதவித்தொகை அளிக்கப்பட வேண்டும். பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் நிறுவனம் இழப்பீடு தரப் பொறுப்புடையது. 1986ஆம் ஆண்டின் திருத்தம், மேல்நிலைத் தொழிற்கல்வி பயின்றோரையும் பழகுநராகச் சேர்க்க வழிவகுத்தது. 2019இல் செய்யப்பட்ட விதித்திருத்தத்தின்படி, 30 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்த்தல் கட்டாயம். மாத உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவும் கல்வித்தகுதிக்கு ஏற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை என வரையறுக்கப்பட்டது.

எண்ணூர், அம்பத்தூர், ஓசூர், மறைமலை நகர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனப் பரந்து விரிந்த மோட்டார்த் தொழிற்சாலைகளும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளும் தமிழகத்தில் பழகுநர்க்குரிய களங்கள். இருப்பினும், சட்டம் இடத்தைத் தரலாம். அவ்விடத்தில் கல்வி நிகழ்கிறதா என்பது வேறு வினா. ஓராண்டு முழுவதும் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியை முடுக்கும் இளைஞர், ஆண்டின் இறுதியில் சான்றிதழ் பெறுவார், தொழிலைப் பெற்றிருக்கமாட்டார்.

‘ஏன்’ என்னும் வினா

காரணம் அறியாத கைத்திறன் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பிரேக் எண்ணெய் ஓர் எடுத்துக்காட்டு. கார்களில் பிரேக் மிதியை அழுத்தும்போது, அவ்வழுத்தம் ஒரு திரவத்தின் வழியாகச் சக்கரங்களை அடைகிறது. திரவம் எளிதில் சுருங்காது என்பதனாலேயே இம்முறை செயல்படுகிறது. ஆனால், இவ்வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கூடக் கூட அதன் கொதிநிலை குறையும்.

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஒரு கார் இறங்குவதாகக் கொள்வோம். ஓட்டுநர் மீண்டும் மீண்டும் பிரேக்கை அழுத்துகிறார். சக்கரப் பகுதி கடுமையாகச் சூடேறுகிறது. ஈரம் ஏறிய பழைய எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றுகின்றன. ஆவி சுருங்கக்கூடியது. எனவே, மிதி அடிவரை செல்லும், கார் நிற்காது. சமவெளியில் ஓட்டிப் பார்த்தபோது அதே பிரேக் குறையின்றி வேலை செய்திருக்கும்.

எண்ணெயின் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கக் கற்ற பழகுநர், அக்காரைக் குறையற்றது என்று அனுப்பிவிடுவார். ஈரத்தின் விளைவை அறிந்தவரோ, அளவு நிறைந்திருந்தாலும் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பார். இருவர் கைகளும் ஒரே வேலையைப் பழகியவை. ஒருவருக்கு மட்டுமே காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் உயிர் அடங்கியிருக்கிறது.

சக்கரத்தைப் பூட்டுவதிலும் இவ்வுண்மையைக் காணலாம். நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக முடுக்கினால் சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து அமரக்கூடும். எதிரெதிராக உள்ளவற்றை மாறிமாறி முடுக்கினால் அது சமமாகப் பொருந்தும். முடுக்குவிசை குறைந்தால் நட்டு கழன்றுவிடும். மிகுந்தால் அதனைத் தாங்கும் திருகு நீண்டு வலுவிழக்கும். ஆதலால்தான் டார்க் ரெஞ்ச் என்னும் கருவியால் விசையை அளந்து முடுக்குகின்றனர். தோள்வலிமை அங்கே அளவுகோல் ஆகாது.

மாறிவரும் ஊர்திகள்

2020 ஏப்ரல் முதல் நாளில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த எஞ்சின்களில் உணரிகளும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகுகளும் மேலும் பெருகின. இன்று பழுதினைக் கணினிக்கருவி குறியீடாகக் காட்டுகிறது. ஓர் உணரியின் பெயர் திரையில் தோன்றியவுடன் அவ்வுணரியையே மாற்றிவிடுவது எளிது. ஆனால், குறை அதனோடு இணைந்த கம்பியிலோ, புகைக்குழாயின் கசிவிலோ இருக்கலாம். குறியீடு ஐயத்தை எழுப்புகிறது. ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டியவர் மெக்கானிக்கே.

மின்சார ஊர்திகளில் கவனம் மேலும் தேவை. பல மின்சாரக் கார்களின் மின்கலத் தொகுப்பு 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உடையது. ஆரஞ்சு நிறக் கம்பிகள் அவ்வாபத்தை உணர்த்துகின்றன. மின்னிணைப்பைத் துண்டித்த உடனே அவற்றைத் தொடுதல் கூடாது. மின்தேக்கிகளில் தங்கியுள்ள மின்னூட்டம் வடியும்வரை காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை அளவியால் உறுதிசெய்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். பார்த்துப் பழகி, தவறு செய்து திருத்திக்கொள்ளும் பழைய முறைக்கு இங்கே இடமில்லை. முதல் தவறே இறுதித் தவறாகிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் ‘தொழில் 4.0’ தரத்துக்கு உயர்த்தப்பட்டமை காலத்துக்கேற்ற முயற்சியாகும். புதிய பொறிகளோடு அவற்றைக் காரணம் கூறிக் கற்பிக்கும் ஆசிரியரும் அமையும்போது அம்முயற்சி முழுமை பெறும்.

செம்மைப்படுத்தும் வழிகள்

செருமனி நாட்டின் இரட்டைப் பயிற்சிமுறை இவ்வகையில் நோக்கத்தக்கது. அங்கே பழகுநர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் எஞ்சிய நாள்களில் நிறுவனத்திலும் கற்கின்றனர். சில இடங்களில் வாரக்கணக்கில் தொடர்ந்தும் பள்ளிக்குச் செல்கின்றனர். மோட்டார் மெக்கானிக், மோட்டார் மின்பணியாளர் என்று தனித்தனியாக இருந்த தொழில்களை 2003இல் அந்நாடு ஒன்றாக இணைத்தது. பொறியையும் மின்னணுவையும் பிரித்தறிய இயலாதவாறு ஊர்திகள் மாறியதே அதற்குக் காரணம். அப்பயிற்சிக் காலம் மூன்றரை ஆண்டுகள். பழகுநர் தாம் கற்றதைப் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். பயிற்றுநர் அதனைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அக்குறிப்பேடு இல்லாமல் இறுதித்தேர்வு எழுத இயலாது.

பிறநாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது. ஆயினும், அதன் உட்பொருளை இந்தியப் பணிமனைகளிலும் பின்பற்றலாம். பழகுநரைப் பிரேக், எஞ்சின், பல்லிணைப்பெட்டி, மின்னமைப்பு எனப் பிரிவுதோறும் முறைவைத்து அனுப்பலாம். மூத்த தொழிலாளருக்குக் கற்பிக்கும் பயிற்சி அளித்து, அதற்கென நேரமும் ஒதுக்கலாம். அன்றாடம் செய்த பணியையும் அதன் காரணத்தையும் பழகுநர் தம் மொழியில் எழுதிவரச் செய்யலாம். தேர்வில் பிரித்துப் பூட்டும் திறனோடு, பழுதைக் கண்டறியும் திறனையும் சோதிக்கலாம். பெண்கள் இத்தொழிலுக்கு வர உடைமாற்றும் அறை, கழிப்பறை, பாதுகாப்பான போக்குவரத்து ஆகியன முதல் தேவைகள்.

உயரும் படிகள்

தொழிற்கல்வி, படிப்பின் முடிவிடம் என்னும் எண்ணம் இன்னும் சிலரிடம் உள்ளது. அது உண்மையன்று. மேல்நிலை வகுப்பிலேயே தானியங்கி ஊர்திப் பொறியியலைத் தொழிற்பாடமாகப் பயில்வோர் உள்ளனர். தொழிற்பயிற்சி நிலையத்தில் தேர்ச்சி பெற்றவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பணிமனையில் தொடங்கும் பாதை, பல்கலைக்கழகம்வரை செல்கிறது.

உமணர் வண்டியின் சேம அச்சினை வழிப்போக்கர் எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதுதான் அதன் அருமை புலப்படும். பணிமனையில் எண்ணெய் படிந்த கைகளோடு ‘இது ஏன்?’ என்று கேட்கும் இளைஞரும் அத்தகையவரே. அவ்வினாவைப் பொறுமையோடு கேட்டு விடைசொல்லும் ஒருவர் அருகில் இருப்பாரானால், மலைச்சாலையில் இறங்கும் ஊர்தி உரிய இடத்தில் நிற்கும். அதில் இருப்போர் வீடு திரும்புவர்.