பட்டா மாறாத படங்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

புகைப்படம் என்பது வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் ஒன்று உண்டு. என் பாட்டனாருக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்டது ஒரே ஒரு படம். அதுவும் வாக்காளர் அடையாள அட்டைக்காக. இன்றோ ஒரு காதணி விழாவிற்கே ஆயிரம் படங்கள் எடுக்கிறோம். அவற்றைக் கணிப்பொறியில் சேர்த்து வைக்கிறோம். அது பழுதானால் என்ன செய்வது என்று அஞ்சி, வெளி டிஸ்கில் இன்னொரு பிரதியும் வைக்கிறோம். இதனையே 'பேக்கப்' என்றும் காப்புநகல் என்றும் கூறுவர்.

ஆனால் அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் மீட்கும்போது, படங்கள் கண்ணெதிரே இருந்தும் திறக்க மறுப்பதுண்டு. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற ஒரு வரி மட்டும் திரையில் தோன்றும். இது ஏன் நிகழ்கிறது? இதனை நீக்குவது எவ்வாறு? இவற்றைச் சிறிது காண்போம்.

உரிமையாளர் யார்?

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினர். ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. எனவே ஒவ்வொரு கோப்பிற்கும் உரிமையாளர், குழுவினர், பிறர் என மூவகையினர் வகுக்கப்பட்டனர். ஒவ்வொரு வகையினருக்கும் படிக்க, எழுத, இயக்க என மூன்று அனுமதிகள் உண்டு. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று எண்கள் தரப்பட்டன. ஆகவே 640 என்றால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். பிறருக்கு ஒன்றும் இல்லை. கோப்புறையைப் பொறுத்தவரை 'இயக்கும்' அனுமதி என்பது உள்ளே நுழையும் அனுமதியாகும். இன்றைய லினக்ஸ், ஆப்பிள் மேக் ஆகிய இரண்டும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. உரிமையாளரின் பெயர் டிஸ்கில் எழுதப்படுவதில்லை; ஓர் எண்தான் எழுதப்படுகிறது. லினக்ஸில் முதலில் சேரும் பயனாளருக்குப் பெரும்பாலும் 1000 என்ற எண்ணும், மேக்கில் 501 என்ற எண்ணும் கிடைக்கும். அடுத்தடுத்து வருவோருக்கு அடுத்தடுத்த எண்கள்.

கிராமத்திலிருந்து வரும் நண்பர்களுக்கு இதனை விளக்குவது எளிது. நிலம் அதே இடத்தில்தான் இருக்கிறது, வரப்பும் மாறவில்லை, ஆண்டு அனுபவிப்பவரும் பேரன்தான். ஆயினும் பட்டா பாட்டன் பெயரில் இருந்தால் பேரன் அதனைக் காட்டிக் கடன் வாங்க இயலாது. அதனால் நிலமே இல்லை என்று யாராவது சொல்வார்களா? பட்டா மாறுதலுக்குத்தானே மனுக் கொடுப்பார்கள்! படங்களின் கதையும் இதுவே.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

எங்கள் ஊரில் என் மாமா சிறிய ஸ்டுடியோ நடத்தி வருகிறார். அவருடைய பழைய லினக்ஸ் கணிப்பொறியில் முன்பு வேலை பார்த்தவர் முதல் பயனாளர், மாமா இரண்டாமவர். ஆகவே படங்கள் யாவும் 1001 என்ற எண்ணுக்கு உரியவை. கணிப்பொறி பழுதாகிப் புதியது வாங்கியபோது, அதில் மாமாவே முதல் பயனாளர். அவர் எண் 1000. பெயர் ஒன்றுதான், எண் வேறு. வெளி டிஸ்கைச் செருகினால் பத்தாண்டுத் திருமணப் படங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பார்க்க வந்த பழுதுநீக்குநர், "படங்கள் கெட்டுவிட்டன; டிஸ்கை அழித்துப் புதிதாகப் பயன்படுத்துங்கள்" என்று கூறிச் சென்றார்.

அந்த வாரம்தான் கணவரை இழந்த ஓர் அம்மையார், மகள் திருமணத்தன்று எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தைப் பெரிதாக்கித் தருமாறு கேட்டிருந்தார். அவர்கள் வீட்டில் வேறு படம் கிடையாது. டிஸ்க் அழிக்கப்பட்டிருந்தால் அம்முகமும் அழிந்திருக்கும். நல்ல வேளையாக மாமா என்னிடம் காட்டினார். பட்டியலிட்டுப் பார்த்தபோது, உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் 1001 என்ற எண் மட்டும் நின்றது. அதுவே போதிய சான்று. ஒரே கட்டளையில் உரிமை மாறியது. எல்லாப் படங்களும் திறந்தன.

செய்ய வேண்டியவை

1. முதலில் காப்புநகலை அப்படியே விட்டுவிடுக. நிர்வாகி உரிமையுடன் அதனைப் புதிய கணிப்பொறியில் படியெடுத்து, அப்பிரதியில் மட்டும் திருத்தம் செய்க.

2. 'ஐடி' என்ற கட்டளையால் நம் எண்ணையும், 'எல்எஸ் -எல்என்' என்ற கட்டளையால் கோப்பின் உரிமையாளர் எண்ணையும் அறிந்து ஒப்பிடுக.

3. எண்கள் வேறுபட்டால் உரிமையை மாற்றுக. இதற்குரிய கட்டளை சி, எச், ஓ, டபிள்யூ, என் என எழுத்துக்கூட்டப்படும். 'உரிமையாளரை மாற்று' என்பது பொருள். அதனுடன் பெரிய எழுத்து ஆர் சேர்த்தால் உட்கோப்புறைகளுக்கும் பொருந்தும். படக் கோப்புறையின் பெயரை மட்டுமே கொடுக்க வேண்டும்.

4. அதன் பின்னரும் திறக்காவிட்டால்தான் அனுமதி எண்களைக் கவனிக்க வேண்டும். கோப்புறைக்கு 700, படத்திற்கு 600 இருந்தால் உரிமையாளருக்குப் போதுமானது.

படத்தொகுப்பு என்பது வெறும் படங்களின் குவியல் அன்று. எந்தப் படம் எந்த ஆல்பத்தில் உள்ளது என்ற குறிப்பேடு ஒன்றும் அதனுள் உண்டு. மென்பொருள் அதில் எழுதிக்கொண்டே இருக்கும். எனவே படிக்கும் அனுமதி மட்டும் இருந்தால் படம் தனியே திறந்தாலும் தொகுப்பு திறக்காது.

மேக் கணிப்பொறியில் ஆப்ஷன், கமாண்ட் ஆகிய இரு விசைகளையும் அழுத்தியபடி 'போட்டோஸ்' மென்பொருளைத் திறந்தால் தொகுப்பைப் பழுதுபார்க்கும் வசதி தோன்றும். விண்டோஸில் 1000 போன்ற சிறு எண்ணுக்குப் பதில் நீண்ட அடையாள எண் ஒன்று உண்டு. புதிதாக நிறுவினால் அது மாறிவிடும். அங்கே கோப்புறையின் பண்புகளில் 'பாதுகாப்பு' என்ற பகுதிக்குச் சென்று உரிமையாளரை மாற்றலாம்.

செய்யக் கூடாதவை

ஒன்றும் திறக்கவில்லையே என்ற ஆத்திரத்தில் எல்லாவற்றிற்கும் 777 கொடுத்துவிடுவோர் உண்டு. இது சாவி தொலைந்ததென்று கதவையே பெயர்த்து வைப்பதற்கு ஒப்பாகும். அக்கணிப்பொறியின் பயனாளர் யாவரும் படிக்கவும், மாற்றவும், அழிக்கவும் கூடும். இன்னும் சிலர் கோப்பு, கோப்புறை என்ற வேறுபாடின்றி எல்லாவற்றிற்கும் 644 கொடுப்பர். அப்போது கோப்புறைகளுக்குள் நுழையும் அனுமதி போய்விடும். முன்பு திறந்தவையும் திறக்காமற் போகும்.

எல்லாத் தடையும் அனுமதித் தடை அன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 'உள்ளீடு-வெளியீட்டுப் பிழை' என்று வந்தால் அது டிஸ்கின் நோய்; உடனே அதனைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் உரிமையை மாற்றியும் பயனில்லை. பழைய திறவுகோலே வேண்டும்.

நண்பர்களே! 'மறுக்கப்பட்டது' என்பதற்கு 'இல்லை' என்று பொருள் அன்று. 'உன் பெயரில் இல்லை' என்பதே பொருள். இவ்வேறுபாட்டை அறியாமல் அழிக்கப்பட்ட படங்களை எக்கட்டளையாலும் எளிதில் மீட்க முடியாது. ஆகவே அழிப்பதற்கு முன் ஒருமுறை கேளுங்கள், இதன் உரிமையாளர் யார் என்று. நகல் எடுப்பதோடு கடமை முடிந்ததென்றும் எண்ணாதீர்கள். ஆண்டிற்கொரு முறையேனும் அதனை வேறொரு கணிப்பொறியில் செருகி, பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்த்த நகலே நகல். மற்றவை நம்பிக்கை மட்டுமே.